விளையாட்டுத் திடலில் கால்நடைக் கண்காட்சி: சுகாதாரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் கால்நடையும் விளையாட்டும் ஒரே மண்ணில் நடப்பது புதிய வழக்கம் அல்ல. கண்ணபுரத்தில் சித்திரைத் திருவிழாவையொட்டிக் கூடும் காங்கயம் மாட்டுச் சந்தைக்கும், அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் குதிரை, மாட்டுச் சந்தைக்கும் வழிவழியாக வந்த இடங்கள் இருக்கின்றன. ஊர்தோறும் நடக்கும் சிறிய கண்காட்சிகளுக்கும், காளைகளின் அழகுப் போட்டிகளுக்கும், கால்நடை மருத்துவ முகாம்களுக்கும் அப்படித் தனி இடம் கிடையாது. அவை பெரும்பாலும் பள்ளி மைதானத்திலோ ஊர்ப் பொதுத் திடலிலோதான் நடக்கின்றன; அடுத்த வாரம் அதே இடத்தில் கபடிப் போட்டிக்குக் கோடு போடுகிறார்கள். ஏற்பாட்டாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர், மாடு கொண்டு வரும் விவசாயிகள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

நாங்கள் எல்லோரும் கட்டுத்தரையில் சாணி அள்ளி வளர்ந்தவர்கள். இதில் உண்மையிலேயே ஆபத்து உண்டா?

உண்டு, ஆனால் அஞ்சி ஒதுங்க வேண்டிய அளவுக்கு இல்லை, அறிந்து நடக்க வேண்டிய அளவுக்கு உண்டு. தன் வீட்டு மாடுகளோடு தினமும் பழகுகிறவரின் உடல் அந்தத் தொழுவத்தின் கிருமிகளுக்கு ஓரளவு பழகியிருக்கும். கண்காட்சித் திடலில் நிலைமை வேறு. பல ஊர்களிலிருந்து வந்த மாடு, ஆடு, குதிரைகளின் சாணமும் புழுக்கையும் ஒரே இடத்தில் கலக்கின்றன. அதன்மேல் விளையாட வரும் பிள்ளைகளில் பலர் மாட்டையே தொட்டறியாத நகரத்துப் பிள்ளைகள். விளையாட்டு என்பது விழுந்து புரள்வதும், முட்டியைச் சிராய்த்துக்கொள்வதும், மண் கையோடு தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் சேர்ந்தது. ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவரைவிட ஆடுபவருக்கு மண் பல மடங்கு நெருக்கமாகிறது.

இந்த ஐயத்துக்கு விடை தரும் நிகழ்வு ஒன்று 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், லொரெய்ன் மாவட்டப் பொருட்காட்சியில் நடந்தது. கால்நடைகளைக் காட்சிக்கு வைத்த அதே கூடத்தில் பிறகு நடன நிகழ்ச்சியும் நடத்தினார்கள். அதையொட்டி 23 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமி தொற்றியது. அவர்களில் பலர் எந்த விலங்கையும் தொடவில்லை. அந்தக் கூடத்தில் இருந்ததும், அங்கே உண்டதும், தரையில் பரப்பியிருந்த மரத்தூளைக் கையாண்டதுமே தொற்றுக்கு வழியாயின. கூடத்தின் சுவர்களிலும் மேலே உள்ள உத்தரங்களிலும்கூடக் கிருமி படிந்திருந்தது. பொருட்காட்சி முடிந்து 42 வாரங்கள் கழித்து எடுத்த மரத்தூளிலும் அது உயிரோடு இருந்தது. மாட்டை ஓட்டிச் சென்றுவிட்டால் மாட்டோடு வந்தவையும் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமே இல்லை.

சாணம் கிருமிநாசினி என்றுதானே வாசல் தெளிக்கிறோம்?

வாசல் தெளிப்பது நம் வீட்டு மரபு. தூசி அடங்குகிறது, மண் தரை இறுகுகிறது, வீட்டுக்கு ஒரு மங்கலம் வருகிறது. அந்த மரபின் மீது இந்தப் பக்கத்துக்கு மதிப்பு உண்டு. என்றாலும் சாணம் கிருமியைக் கொல்லும் என்று எண்ணி அதன்மீது பிள்ளைகளை விளையாட விட முடியாது. நலமாக இருக்கும் பசுவின் குடலிலேயே ஈ.கோலை ஓ157 தங்கியிருக்கும். மாட்டுக்கு அதனால் எந்தத் துன்பமும் இல்லாததால், பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. மாடு, குதிரைச் சாணத்தில் டெட்டனஸ் நோயின் நுண்வித்துகள் இயல்பாகவே இருக்கின்றன. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணத்தையும் சாம்பலையும் வைத்த பழக்கம் எத்தனை சிசுக்களைப் பலி வாங்கியது என்பது நம் முன்னோருக்குத் தெரியும். தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவ முறைகளாலும் அந்தச் சிசு மரணங்களைக் கட்டுப்படுத்தி, 2015ஆம் ஆண்டில்தான் இந்தியா அந்த வகை டெட்டனஸை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது.

எந்த நோய்களை மனத்தில் வைக்க வேண்டும்?

முதலில் வயிற்று நோய்கள். ஈ.கோலை ஓ157, கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா ஆகிய மூன்றும் சாணத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகின்றன. இவற்றில் ஈ.கோலை ஓ157 மிகக் கொடியது: நூற்றுக்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே போதும் என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலும் 3 அல்லது 4 நாட்களில் வயிற்றுவலியும் இரத்தம் கலந்த பேதியும் தொடங்கும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். கேம்பிலோபாக்டரின் குணத்தை 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நடந்த ஒரு தடை ஓட்டப் போட்டி காட்டியது. மாட்டுப் பண்ணை நிலத்தில் நடந்த அந்தப் போட்டியில் சேற்று நீர் வாய்க்குள் போனதால் 22 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் திடமான இளைஞர்கள். உடல் வலிமை இந்தக் கிருமியிடம் செல்லுபடியாகாது.

அடுத்தது காயத்தின் வழியே வருவது. டெட்டனஸைப் பற்றிக் கீழே தனியாக எழுதப்பட்டுள்ளது. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் எலியோடு நின்றுவிடுவதில்லை. மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் அக்கிருமி வெளியேறி, தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் உயிர்த்திருந்து, சிராய்ப்பின் வழியாகவும் கண், வாய்ச் சவ்வுகளின் வழியாகவும் உடலுக்குள் நுழைகிறது. மழைக்குப் பின் மைதானத்தில் தேங்கும் குட்டையில் விழுந்து ஆடும் கால்பந்து வீரர் நினைவில் வைக்க வேண்டிய நோய் இது.

மூன்றாவது, ஆடுகளிடமிருந்து காற்றின் வழியே வரும் கியூ காய்ச்சல். குட்டி ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் இக்கிருமி மிகுந்திருக்கும். உலர்ந்து தூசியாகப் பறக்கும்போதும் தொற்றும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் கோவை, திருப்பூர்ப் பக்கத்துத் திடல்களில் தூசி எப்படிப் பறக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கருவுற்ற பெண்கள் குட்டி ஈனும் நிலையில் உள்ள ஆட்டுப்பட்டிப் பக்கம் போகவே கூடாது.

எந்த நிகழ்ச்சியை முதலில் நடத்துவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். விளையாட்டை முதலில் நடத்துங்கள். கால்நடைகள் பிறகு வரட்டும். நாட்காட்டியில் இரண்டு தேதிகளை இடம் மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மருந்தடித்தும் மண்ணைச் சுரண்டியும் பெற முடியாத பாதுகாப்பை அந்த மாற்றம் தருகிறது. கண்காட்சிக்குழுவும் விளையாட்டுக்குழுவும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். இரண்டு பேரும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசினால் தீர்கிற காரியம் இது. பேசாமல் விடுவதால்தான் சனிக்கிழமை மாடும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளும் என்று முடிகிறது.

கால்நடைகள்தான் முதலில் வந்தாக வேண்டும் என்றால், இடையில் குறைந்தது 3 வாரம் விடுங்கள். இந்தக் கணக்குக்கு ஒரு பின்னணி உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் நியூ டியர் என்ற ஊரில், சற்று முன்புவரை செம்மறிகள் மேய்ந்த திடலில் சாரணர் முகாம் நடந்தது. பெருமழை பெய்து திடல் சேறாகி, 20 பேருக்கு ஈ.கோலை ஓ157 தொற்றியது. அதன் பிறகு அங்கே வெளியிட்ட வழிகாட்டுதல், மேய்ச்சல் நிலத்தை மக்கள் பயன்பாட்டுக்குத் தருவதற்கு 3 வாரம் முன்பே கால்நடைகளை வெளியேற்ற வேண்டும், அக்காலத்தின் தொடக்கத்திலேயே சாணத்தை அகற்ற வேண்டும், புல்லைக் குட்டையாக வெட்டி அந்த வெட்டுப்புல்லையும் அப்புறப்படுத்த வேண்டும் என்று கூறுகிறது. நம் வெயில் ஸ்காட்லாந்து வெயிலைவிடக் கடுமையானது என்பதால் காலத்தைக் குறைக்கலாமா என்று கேட்கிறார்கள். வெயில் மேற்பரப்பில் இருக்கும் கிருமியை விரைவில் அழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த சாணி வறட்டியின் அடியில் ஈரம் தங்குகிறது. வேப்ப மரத்து நிழலில் வெயிலே விழுவதில்லை. மாட்டைக் கட்டுவதோ அந்த நிழலில்தான். காலத்தைக் குறைக்காதீர்கள். டெட்டனஸ் நுண்வித்துகளை எத்தனை வாரக் காத்திருப்பும் அழிக்காது. அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதற்குத் தடுப்பூசிதான் வழி.

மூன்று வாரம் கிடைக்கவில்லை, கையில் சில நாட்கள்தான் உள்ளன. என்ன செய்யலாம்?

வேறு திடல் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால், மாடு கட்டிய பகுதியை ஆடுகளமாக்காமல் விடுங்கள். எந்த ஓரத்தில் கட்டினார்கள், வண்டிகள் எங்கே நின்றன, தொட்டி எங்கே இருந்தது என்பதைக் கண்காட்சிக்குழுவிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்துகொண்டால், பெரும்பாலான திடல்களில் மாட்டுக் குளம்பு அதிகம் படாத ஒரு மூலை இருப்பது தெரியும். கபடிக்கும் கைப்பந்துக்கும் அந்த மூலை போதும். விழுந்து புரளும் விளையாட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு, தரையைக் கையால் தொடாத போட்டிகளை மட்டும் நடத்துவதும் ஒரு வழி. 10 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்கான ஓட்டங்களையும், சாக்குப் போட்டி, எலுமிச்சை–கரண்டி போன்றவற்றையும் அந்த முறை வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறோம். விழுந்த எலுமிச்சையை எடுத்துக் கரண்டியில் வைத்து, அந்தக் கரண்டியைத் திரும்ப வாயில் கவ்வுகிற குழந்தையை யாராலும் தடுக்க முடியாது.

திடலைச் சுத்தம் செய்யும் சரியான முறை எது?

வரிசைதான் முக்கியம். சாணம், புழுக்கை, மாடு தின்று மிதித்த சோளத்தட்டு, வைக்கோல் கூளம் எல்லாவற்றையும் முதலில் உலர்ந்த நிலையிலேயே அள்ளி வெளியேற்ற வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் லாரித் தண்ணீரைப் பாய்ச்சுவதைப் பல இடங்களில் காண்கிறோம். அதனால் ஒரு மூலையில் இருந்த அழுக்கு திடல் முழுவதும் பரவி மண்ணுக்குள் இறங்குகிறது. அள்ளுவதற்கு முன் தூசி அடங்கும் அளவுக்கு மட்டும் இலேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். அள்ளுபவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் வேண்டும். தூய்மைப் பணியாளர்களின் கையில் வெறும் துடைப்பத்தைக் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

மாடு கட்டிய இடங்களில் கோமியம் ஊறி மண் கறுத்திருக்கும். அங்கே மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துப் புதிய மண் கொட்டி, முளைக்குச்சிக் குழிகளை மூடி இறுக்க வேண்டும். அள்ளிய சாணத்துக்குக் கொங்கு நாட்டில் ஆள் தேட வேண்டியதில்லை. டிராக்டர் கொண்டு வந்து எடுத்துப்போகத் தோட்டக்காரர்கள் தயாராக இருப்பார்கள். குடிநீர்க் கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தொலைவில் குவித்து, உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறும்படி புரட்டிவிட்டு மக்கிய பிறகே நிலத்தில் இட வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு மேல் சாணத்தைத் திடலிலேயே விட்டால் ஈ பெருகும். நம் வெப்பத்தில் முட்டை ஈயாக மாற ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகிறது.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். நீண்ட காந்தப் பட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் திடல் முழுவதும் இழுத்துவிடுங்கள். காளைகளின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள், பந்தல் போட்டவர் விட்டுச்சென்ற கம்பித் துண்டுகள், துருவேறிய ஊக்குகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். லாட ஆணி தட்டைத் தலையோடும் வளைந்த முனையோடும் மண்ணில் புதைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, வெறுங்காலுக்குத்தான் தெரியும்.

தேங்காய் நார்க்கழிவு பரப்பினால் மண்ணில் அழுக்குப் படாதல்லவா?

காளைகள் கால் ஊன்றும் இடத்தில் நார்க்கழிவு பரப்புவது நல்ல வழக்கம். விலங்குக்கும் மனிதருக்கும் அடிபடாமல் காக்கிறது. பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் அது எளிதாகக் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும் அதன் குணமே கிருமிக்கும் வசதியாகிறது. ஒகையோவில் மரத்தூள் செய்த வேலையை இங்கே நார்க்கழிவு செய்யக்கூடும். நிகழ்ச்சி முடிந்த அன்றே முழுவதையும் வாரி எடுங்கள். பஞ்சு போல இருக்கிறதே என்று அதையே நீளம் தாண்டும் குழியில் கொட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிளீச்சிங் பவுடர் தூவினால் போதாதா? சுண்ணாம்பு?

சாலையோரம் வெள்ளைக் கோடு போல இரண்டையும் தூவிவிட்டால் சுகாதார ஏற்பாடு முடிந்தது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின், சாணம், மண் போன்றவற்றோடு சேர்ந்த உடனே தன் வலுவை இழக்கிறது. எனவே மண் தரையில் தூவுவதால் பயன் மிகக் குறைவு. கழுவிச் சுத்தம் செய்த சிமெண்ட் தரை, தடுப்புக் கம்பி, கதவு, இருக்கை, குழாய்த் திருகு ஆகியவற்றுக்கே அது உரியது. 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பவுடரில் 150 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். தெளிவை வடித்தெடுத்துத் துடைத்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். திறந்து வைத்த பழைய மூட்டையில் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிப் போயிருக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது; நச்சு வாயு வரும்.

சுண்ணாம்பைப் பொறுத்தவரை, நீற்றாத சுண்ணாம்பு ஆடுகளத்தின் பக்கமே வரக் கூடாது. வியர்வை பட்டால் தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். நீற்றிய சுண்ணாம்புத் தூளில் கோடு போடுவதும் கண்ணுக்குக் கெடுதல்தான். சாக்பீஸ் செய்யும் வகையான வெள்ளைத் தூளை வாங்கிப் பயன்படுத்துங்கள். சாணிப்பவுடர் கரைத்துத் திடலில் தெளிக்கலாமா என்றும் நம் பக்கத்தில் கேட்கிறார்கள். அது நச்சுச் சாயம். எந்தக் கிருமியிலிருந்தும் காப்பாற்றாது. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அதற்கு இடமே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

திடலில் நடக்கும் தவறுகளிலேயே மிகப் பெரிய கேட்டைத் தருவது தண்ணீரில் நடக்கும் தவறுதான், ஏனென்றால் அது ஒருவரோடு நிற்காது. 1999ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து வாஷிங்டன் மாவட்டப் பொருட்காட்சியில், குளோரின் கலக்காத ஒரு கிணற்றுத் தண்ணீரைக் கடைக்காரர்கள் குடிபானத்துக்கும் ஐஸுக்கும் பயன்படுத்தினார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; இருவர் இறந்தார்கள். விசாரணையில் அருகிலிருந்த விடுதியின் கழிவுநீர்த் தொட்டியும் மாட்டுக் கொட்டகைப் பக்கமும் ஐயத்துக்கு உள்ளாயின. மாட்டுச் சாணத்தைப் போலவே மனிதக் கழிவும் கிணற்றுக்கு எதிரி என்பதை ஏற்பாட்டாளர் மறக்கக் கூடாது.

நம் திடல்களில் நடப்பதைக் கவனியுங்கள். ஒரே ஆழ்துளைக் குழாய், ஒரே சிண்டெக்ஸ் தொட்டி. அதிலிருந்து ரப்பர் குழாயை நீட்டி, அதன் முனையை மாட்டுத் தொட்டியின் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். மின்சாரம் நின்று அழுத்தம் குறைந்தால், மாடுகள் மூக்கை நனைத்துக் குடித்த அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இழுக்கப்பட்டுக் குடிநீர் வரும் பாதைக்கே போய்ச் சேரும். முனையைத் தொட்டியின் விளிம்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டிவைத்தால் இந்த ஆபத்து தீர்ந்தது. கால்நடைக்குத் தனிக் குழாய் அல்லது தனி லாரி வைப்பது இன்னும் நல்லது. குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கிறதா என்று காலையிலும் மதியமும் பார்க்கச் சொல்லிச் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சானிடைசர் பாட்டில்கள் வைத்திருக்கிறோம். போதுமா?

போதாது. மண்ணும் சாணமும் அப்பிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. டெட்டனஸ் போன்ற நுண்வித்துகளை அது கொல்வதும் இல்லை. ஓடும் தண்ணீர், சோப்பு, 20 விநாடி தேய்ப்பு ஆகிய மூன்றுக்கும் மாற்றுக் கிடையாது. கைகழுவும் இடத்தை ஆடுகளத்திலிருந்து உணவுப் பகுதிக்குப் போகும் வழியிலேயே வையுங்கள். தேடிப் போய்க் கழுவச் சொன்னால் யாரும் போக மாட்டார்கள்.

கம்மங்கூழ், கரும்புச் சாறு, தர்பூசணிக் கடைகளை எங்கே வைப்பது?

கால்நடைப் பகுதியிலிருந்து காற்று வரும் திசையில் வைக்காதீர்கள். நறுக்கிய பழமும் திறந்த மோர்ப் பானையும் மூடியின்றி இருக்கக் கூடாது. காட்சிக்கு வந்த பசுவின் பாலைக் கறந்த சூட்டோடு குடிக்கத் தருவது பெருமைக்குரிய உபசாரமாக இருக்கலாம், காய்ச்சிக் கொடுங்கள்.

கபடி ஆடுபவர்களுக்குத் தனியாக ஏதும் உண்டா?

உண்டு, ஏனென்றால் மண்ணோடு இவ்வளவு உறவு கொண்ட ஆட்டம் வேறில்லை. பாடிச் செல்லுமுன் உள்ளங்கை வியர்வை போக மண்ணைத் தேய்த்துக்கொள்வார்கள். கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிடிபட்டு விழும்போது முழங்கையும் முட்டியும் தோலுரியும். இவற்றை நிறுத்தச் சொல்வது ஆட்டத்தையே நிறுத்தச் சொல்வதாகும். செய்யக்கூடியவை வேறு. கால்நடை நின்ற திடலில் முடிந்தவரை மேட் விரித்து ஆடுங்கள்; மேட்டை மடிப்பதற்கு முன் இரு பக்கமும் துடையுங்கள். தண்ணீர் பாட்டில்களைத் தரையில் போடாமல் கூடையிலோ பெஞ்சிலோ வையுங்கள். சிராய்ப்பு ஏற்பட்டால் அந்த ஆட்டம் முடியும்வரை காத்திராமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு மண் துகள் போகக் கழுவி மூடிக் கட்டுங்கள். மண்ணை அப்பினால் இரத்தம் நிற்கும் என்று சொல்லும் மூத்த ஆட்டக்காரரை மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசியைப் பற்றி: அரசு அட்டவணைப்படி குழந்தைப் பருவ ஊசிகளுக்குப் பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் டிடி போடப்படுகிறது. அதன்பின் 10 ஆண்டுக்கு ஒரு முறை தொடர வேண்டும். கிராமத்து அணிகளில் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சாணமோ மண்ணோ பட்ட காயம், ஆணி குத்திய காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே மீண்டும் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. நோய் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுக்கமாகத் தொடங்கும் என்பதால், புண் ஆறிவிட்டது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

மண்டபம் போன்ற உள்ளரங்கில் கண்காட்சி நடந்தால்?

வெயிலும் மழையும் படாத இடம் என்பதால் அதிகக் கவனம் தேவை. தரையோடு நின்றுவிடாமல் சுவர், மின்விசிறி இறக்கை, உத்தரம், சன்னல் விளிம்பு ஆகியவற்றையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் தூசி மேலே ஏறி மீண்டும் படியும்.

ஒரே நாளில் இரண்டும் நடக்கிறது. மழை வேறு வரும் போலிருக்கிறது.

ஒரே நாள் என்றால் வாயில்கள் இரண்டு, வண்டி நிறுத்தும் இடங்கள் இரண்டு, கழிப்பறைகளும் இரண்டு பக்கம் என்று பிரித்து, நடுவில் தடுப்புக் கட்டுங்கள். நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் கால்நடைகள் இருக்க வேண்டும். மேட்டில் மாடும் பள்ளத்தில் பிள்ளைகளும் என்றால் ஒரு தூறல் போதும். நல்ல மழை பெய்துவிட்டால் விளையாட்டைத் தள்ளிவையுங்கள். நியூ டியரிலும் நெவாடாவிலும் நோய்க்கு வழி திறந்தது சேறுதான். ரேக்ளா ஓடிய சாலையில் மறுநாள் மாரத்தான் நடத்துபவர்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. தார்ச்சாலையைக் கூட்டிக் கழுவினால் போதுமானது.

மனிதர்களால் மாடுகளுக்கு ஆபத்து உண்டா?

நிறைய உண்டு, இதைப் பற்றிக் கேட்பவர்கள்தான் குறைவு. ஓட்டப்பந்தய வீரர்கள் எண் அட்டையை நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஊக்குகள் நூற்றுக்கணக்கில் திடலில் உதிர்கின்றன. மாடு தீவனத்தைத் துழாவிப் பிரித்துப் பார்க்காமல் நாக்கால் சுருட்டி விழுங்குகிற விலங்கு. ஊக்கும் கம்பியும் உள்ளே போய், வயிற்றின் இரண்டாம் அறையைத் துளைத்து, அதை அடுத்துள்ள இதயத்தையே குத்திவிடும். இலட்சங்கள் பெறும் காங்கயம் காளை ஒன்றரை அங்குல ஊக்கால் சாகிறது. முன்பு சொன்ன காந்தப் பட்டையை விளையாட்டு முடிந்த பிறகும் ஒருமுறை இழுங்கள். பிள்ளைகளின் காலையும் மாடுகளின் வயிற்றையும் அது சேர்த்துக் காக்கும். பாலித்தீன் பைகளும், விருந்தில் மிஞ்சிக் கொட்டிய சோறும் அப்படித்தான். சோற்றைத் திடீரென மிகுதியாகத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் கூடி உயிர் போகலாம்.

கோமாரி என்னும் காணை நோய் மனிதரைத் தாக்கி வருத்துவதில்லை என்றாலும், நம் செருப்பும் வண்டிச் சக்கரமும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோகும். கால்நடைப் பகுதியின் வாயிலில் 4 சதவீதச் சலவை சோடாக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 40 கிராம் கரைத்து நனைத்த சாக்குகளை விரித்து, எல்லோரையும் மிதித்துச் செல்லச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்ட விவரம் இல்லாத மாட்டை உள்ளே விடாதீர்கள். மாட்டுக்கு அவசரம் என்றால் 1962, மனிதருக்கு 108. இரண்டு எண்களையும் மேடையில் பெரிதாக எழுதிவைக்கலாம்.

நிகழ்ச்சிக்குப் பிறகு காய்ச்சலோ பேதியோ வந்தால்?

மருத்துவரிடம் போனவுடன், கால்நடைகள் இருந்த திடலில் விளையாடினோம் என்று தேதியோடு சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி இல்லாவிட்டால் எலிக்காய்ச்சலும் கியூ காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றும். எலிக்காய்ச்சல் ஒரு மாதம் வரை தாமதித்தும் வரலாம். பேதியில் இரத்தம் கண்டால் மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், ஈ.கோலை ஓ157 ஆக இருந்தால் அவை நிலைமையை மோசமாக்கக் கூடும். ஓஆர்எஸ் கரைசலைக் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து முகம் வெளுத்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. ஒரே அணியில் இருவருக்கு வந்துவிட்டால் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள்.

திடலை அனுமதிக்கும் தலைமையாசிரியர் அல்லது ஊராட்சி என்ன நிபந்தனை விதிக்கலாம்?

அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது: சாணம், கூளம், நார்க்கழிவு ஆகியவற்றை நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மாலைக்குள் அகற்ற வேண்டும்; மாடு கட்டிய இடங்களைக் காட்டும் வரைபடத்தைத் தர வேண்டும்; காந்தப் பட்டை இழுக்க வேண்டும்; குடிநீர்க் குழாயிலிருந்து மாட்டுத் தொட்டிக்கு நேர் இணைப்புக் கூடாது; 3 வாரத்துக்கு அந்தத் திடல் விளையாட்டு வகுப்புக்குத் தரப்படாது. இவற்றுக்கு ஈடாக ஒரு வைப்புத் தொகையைப் பெற்றுக்கொண்டு, உடற்கல்வி ஆசிரியர் நேரில் நடந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு திருப்பித் தரலாம். தொகை எவ்வளவு என்பதை, அந்தத் திடலைச் சுத்தம் செய்ய ஒரு நாள் ஆள் கூலியும் டிராக்டர் வாடகையும் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.